பென்ஷன் பணமும் டிரஸ்டும்: 2027 ஏப்ரலுக்கு முன் செய்ய வேண்டிய கணக்கு

பிரிட்டனில் பென்ஷனையும் டிரஸ்டையும் சேர்த்துப் பேசும்போது, பலரும் பல ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஆலோசனையையே இன்னும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். கணவர் இறந்தால் அவருடைய பென்ஷன் தொகை நேரே மனைவியிடம் போகாமல் ஒரு டிரஸ்டுக்குள் (பிறருடைய நன்மைக்காக டிரஸ்டிகள் பொறுப்பேற்றுச் சொத்தை நிர்வகிக்கும் ஏற்பாட்டுக்குள்) போக வேண்டும், அப்படிப் போனால் பின்னர் மனைவி இறக்கும்போது அந்தப் பணத்துக்கு மரபுரிமை வரி வராது என்பதுதான் அந்த ஆலோசனையின் சாரம். அன்றைய சட்டத்துக்கு அது பொருந்தியது. ஆனால் 2027 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வரும் விதிகளின்கீழ் அதே ஏற்பாடு சில குடும்பங்களுக்கு வரியைக் கூட்டிவிடும். ஆகவே பழைய டிரஸ்ட் பத்திரம் வைத்திருப்பவர்களும் புதிதாக எழுத நினைப்பவர்களும் முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு வழக்கறிஞரிடம் போவது நல்லது.

வரி எங்கே தொடங்குகிறது

ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் சொத்தில் முதல் 325,000 பவுண்டுக்கு மரபுரிமை வரி இல்லை. 2009 முதல் மாறாதிருக்கும் இந்த வரம்பு 2031 ஏப்ரல் வரை அப்படியே இருக்கும். குடியிருந்த வீட்டைப் பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ விட்டுச்சென்றால், அந்த வீட்டின் பேரில் மேலும் 175,000 பவுண்டு வரை வரியில்லை. கணவன் மனைவியில் ஒருவர் பயன்படுத்தாமல் விட்ட வரம்பு மற்றவருக்குச் சேரும் என்பதால், இரண்டாமவர் இறக்கும்போது அதிகபட்சமாகப் பத்து லட்சம் பவுண்டு வரை வரியின்றிப் பிள்ளைகளுக்குப் போகலாம். அதற்கு மேற்பட்டதற்கு 40 சதவீத வரி உண்டு. சொத்தின் நிகர மதிப்பு இருபது லட்சம் பவுண்டைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் வீட்டுக்கான வரம்பில் ஒரு பவுண்டு குறைந்துகொண்டே போகும்.

இதுவரை, பெரும்பாலான தனியார் பென்ஷன்களில் மிஞ்சியிருக்கும் தொகை இந்தக் கணக்குக்குள் வரவில்லை. யாருக்குக் கொடுப்பது என்ற இறுதி முடிவு பென்ஷன் நிர்வாகத்தின் கையில் இருந்ததால், அது இறந்தவரின் சொத்தாகக் கருதப்படவில்லை. 2024 அக்டோபர் 30 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை இந்த விலக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2027 ஏப்ரல் 6 அன்றோ அதன் பின்னரோ நிகழும் இறப்புகளில், பயன்படுத்தாமல் விட்ட பென்ஷன் தொகை மற்றச் சொத்துகளோடு சேர்த்து எண்ணப்படும். முடிவு யார் கையில் இருக்கிறது என்ற பழைய வேறுபாட்டுக்கு இனி மரபுரிமை வரியில் இடமில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். கணவரை முன்பே இழந்த ஒரு தாயிடம் 600,000 பவுண்டு மதிப்புள்ள வீடும், 100,000 பவுண்டு சேமிப்பும், 500,000 பவுண்டு பென்ஷனும் இருக்கின்றன என்று கொள்வோம். கணவரின் வரம்பு முழுவதும் அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பழைய விதிப்படி அவருடைய சொத்து 700,000 பவுண்டு மட்டுமே. வரி ஏதும் இல்லை. புதிய விதிப்படி மொத்தம் 1,200,000 பவுண்டு. பத்து லட்சம் போக மிஞ்சும் 200,000 பவுண்டுக்கு 80,000 பவுண்டு வரி. இந்த வரி பென்ஷனால்தான் வந்தது என்றாலும், முழுவதும் பென்ஷனின் தலையில் விழாது. வரியும் வரம்பும் மதிப்பின் விகிதப்படி பங்கிடப்படுவதால், ஏறத்தாழ 33,333 பவுண்டு பென்ஷனைச் சாரும். மீதி வீட்டையும் சேமிப்பையும் சாரும். பென்ஷனை ஒரு மகனுக்கும் வீட்டை ஒரு மகளுக்கும் என்று பிரித்து வைத்திருக்கும் குடும்பங்களில், மகனுக்குக் கிடைக்கும் பணத்தால் எழுந்த வரியில் பெரும்பங்கை மகள் கட்ட நேரிடும். உயிலை எழுதியபோது யாரும் நினைத்துப் பார்க்காத இந்த நிலையை, உயிலைத் திருத்தித்தான் சரிசெய்ய முடியும்.

எது வரிக்குள் வரும், எது வராது

கணக்கைத் தொடங்கும் முன் உங்களிடம் உள்ள பென்ஷன்களை வகைப்படுத்திக்கொள்ளுங்கள். பணத்தொகையாகச் சேர்ந்து நிற்கும் பென்ஷன்கள், டிராடவுன் முறையில் (தொகையை முதலீட்டிலேயே வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப எடுக்கும் முறையில்) எடுத்தது போக மிஞ்சியவை உட்பட, வரிக்குள் வரும். கணவனுக்குப் பின் மனைவிக்கோ மனைவிக்குப் பின் கணவனுக்கோ தொடரும் கூட்டு ஆனுவிட்டியும் (பென்ஷன் தொகையைக் கொடுத்து வாங்கும் வாழ்நாள் வருமானமும்), சம்பள அடிப்படையிலான பென்ஷன் திட்டங்கள் சார்ந்திருப்போருக்கு வழங்கும் தொடர் பென்ஷனும் வராது. பணியில் இருக்கும்போதே இறந்தால் பதிவுபெற்ற பென்ஷன் திட்டத்தின் வழியே கொடுக்கப்படும் தொகையும் விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே என்.எச்.எஸ். போன்ற பொதுத்துறைத் திட்டத்தில் மட்டுமே பென்ஷன் வைத்திருப்பவருக்கு இந்த மாற்றத்தால் பெரிய கவலை இல்லை. டிரஸ்ட் எழுதித் தருகிறேன் என்று யாராவது வந்தால் எதற்காக என்று அவர் கேட்டே ஆக வேண்டும்.

கணவன் மனைவிக்கு இடையிலான விலக்கு பென்ஷனுக்கும் தொடர்கிறது. கணவரின் பென்ஷன் மனைவிக்குப் போனால் அந்தக் கட்டத்தில் மரபுரிமை வரி இல்லை. இங்கே நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் முதல் மரபுரிமை வரி ஒருவர் பிரிட்டனில் எத்தனை ஆண்டுகள் வசித்தார் என்பதைப் பொறுத்தது. முந்தைய 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டுகள் வசித்தவர் நீண்டகால வசிப்பாளராகக் கருதப்படுவார். இறந்தவர் நீண்டகால வசிப்பாளராகவும், அவருடைய துணைவர் அண்மையில்தான் இந்நாட்டுக்கு வந்தவராகவும் இருந்தால், தம்பதிகளுக்கான விலக்கு 325,000 பவுண்டோடு நின்றுவிடும். தம்மை நீண்டகால வசிப்பாளராகவே கருதும்படி துணைவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் வெளிநாட்டில் உள்ள அவருடைய சொத்துகளும் பிரிட்டனின் வரிக்குள் வந்துவிடும் என்பதால், ஆலோசனை பெறாமல் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பைபாஸ் டிரஸ்ட்: இனி யாருக்கு

மேலே சொன்ன பழைய ஆலோசனைக்கு ஸ்பௌசல் பைபாஸ் டிரஸ்ட் என்று பெயர். பத்துப் பவுண்டு போன்ற சிறு தொகையோடு ஒரு விருப்புரிமை டிரஸ்டைத் தொடங்கி, தாம் இறந்தால் பென்ஷன் தொகையை மொத்தமாக அந்த டிரஸ்டுக்குக் கொடுக்கும்படி நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். மனைவியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பயனாளிகள். யாருக்கு எப்போது எவ்வளவு என்பதை டிரஸ்டிகள் முடிவுசெய்வார்கள். டிரஸ்டிலிருந்து மனைவி கடனாகவும் பணம் பெறலாம். அவர் இறக்கும்போது அந்தக் கடன் அவருடைய சொத்திலிருந்து கழிக்கப்படும்.

புதிய விதிகளில் இந்த ஏற்பாட்டின் வரிப்பயன் பெருமளவு போய்விட்டது. டிரஸ்டுக்குப் போகும் பணத்துக்குத் தம்பதிகளுக்கான விலக்கு கிடையாது. ஆகவே முதல் இறப்பிலேயே வரி கணக்கிடப்படும். இதோடு வருமான வரியும் உண்டு. பென்ஷன் வைத்திருந்தவர் 75 வயதுக்குப் பின் இறந்து தொகை டிரஸ்டுக்குப் போனால், நிர்வாகம் 45 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டே கொடுக்கும். 76 வயதில் ஒருவர் 400,000 பவுண்டு பென்ஷனை டிரஸ்டுக்கு விட்டு, மற்றச் சொத்துகளை எல்லாம் மனைவிக்கு விட்டு இறந்தால், அவருடைய 325,000 பவுண்டு வரம்பு போக மிஞ்சும் 75,000 பவுண்டுக்கு 30,000 பவுண்டு மரபுரிமை வரி. மீதி 370,000 பவுண்டில் 45 சதவீதமாக 166,500 பவுண்டு போகும். டிரஸ்டைச் சேர்வது 203,500 பவுண்டு. பின்னர் டிரஸ்டிகள் ஒரு பயனாளிக்குப் பணம் கொடுக்கும்போது, அந்த 45 சதவீதம் அவர் கட்டிய வரியாகவே கருதப்படும். வருமானம் குறைவாக உள்ள பேரப்பிள்ளை ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். அதைப் பெறும்வரை பணம் அரசிடம்தான் இருக்கும். அதே 400,000 பவுண்டை மனைவி டிராடவுன் முறையில் ஏற்றுக்கொண்டிருந்தால், மரபுரிமை வரி அப்போது ஏதுமில்லை. ஆண்டுதோறும் தேவைக்கேற்ப எடுக்கும் தொகைக்கு அவருடைய விகிதத்தில் வருமான வரி கட்டினால் போதும். கணவரின் வரம்பும் வீணாகாமல் அவருக்கு வந்துசேரும்.

75 வயதுக்கு முன் இறந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. இறந்த செய்தி நிர்வாகத்துக்குத் தெரிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்டு, 1,073,100 பவுண்டு என்ற உச்சவரம்புக்குள் இருக்கும் தொகைக்கு வருமான வரி கிடையாது. ஆனாலும் டிரஸ்டுக்குள் போன பின் பத்தாண்டுக்கு ஒருமுறை, வரம்புக்கு மேற்பட்ட மதிப்பில் அதிகபட்சம் 6 சதவீத வரியும், பணம் வெளியே போகும்போது ஒரு வரியும் வரலாம். டிரஸ்ட் ஈட்டும் வட்டிக்கும் பங்கு ஈவுக்கும் உயர் விகிதத்தில் வருமான வரியும் உண்டு.

அப்படியானால் இந்த டிரஸ்டை ஏன் வைத்திருக்க வேண்டும்? வரிக்காக அல்ல, கட்டுப்பாட்டுக்காக என்பதுதான் என் பதில். டிராடவுன் முறையில் பென்ஷனை ஏற்கும் மனைவி, தமக்குப் பின் அது யாருக்கு என்பதைத் தாமே முடிவுசெய்யலாம். முதல் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் இருக்கும் இடத்தில், அந்த உரிமை அவர்களைக் கைவிட்டுவிடக்கூடும். மணமுறிவின் விளிம்பில் நிற்கும் மகன், கடனில் மூழ்கியிருக்கும் மகள், அரசு உதவித்தொகையை நம்பி வாழும் மாற்றுத்திறனாளி வாரிசு ஆகியோருக்கு மொத்தப் பணமும் நேரே கையில் போவது நல்லதல்ல. மாற்றுத்திறனாளிக்கான தகுதிபெற்ற டிரஸ்டுக்குப் பத்தாண்டு வரியும் இல்லை. இத்தகைய காரணம் ஏதும் இல்லாத, ஒருவரை ஒருவர் நம்பும் சாதாரணக் குடும்பத்துக்கு, 75 வயதுக்குப் பின் பைபாஸ் டிரஸ்ட் வீண்செலவே.

முன்பே டிரஸ்ட் எழுதி வைத்திருப்பவர்கள் அதைக் கலைக்கத் தேவையில்லை. தாம் இறந்தால் தொகை யாருக்கு என்று குறித்துப் பென்ஷன் நிர்வாகத்துக்குக் கொடுத்த நியமனப் படிவத்தை மாற்றினாலே போதும். மனைவியை முதலிலும், அவர் இல்லாவிட்டால் பிள்ளைகளையும் டிரஸ்டையும் அடுத்தும் குறிப்பிட்டால், இறப்பின்போது உள்ள நிலைமைக்கேற்ப முடிவெடுக்க நிர்வாகத்துக்கு இடம் இருக்கும்.

நியமனப் படிவம்

உயில் பெரும்பாலும் பென்ஷனைக் கட்டுப்படுத்தாது. நியமனப் படிவமே கட்டுப்படுத்தும். இதை நிரப்பும்போது மனைவியின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடுவது பரவலான வழக்கம். சார்ந்திருப்பவர் ஒருவரோ நியமிக்கப்பட்ட ஒருவரோ உயிரோடு இருக்கும்போது, படிவத்தில் பெயர் இல்லாத வேறொருவருக்கு டிராடவுன் உரிமையை நிர்வாகம் கொடுக்க முடியாது. அவருக்கு மொத்தத் தொகையாகத்தான் கொடுக்கலாம். 75 வயதுக்குப் பின் நிகழ்ந்த இறப்பில் அந்த மொத்தத் தொகை முழுவதும் ஒரே ஆண்டின் வருமானமாகி, உயர்ந்த விகிதத்தில் வரி கட்ட வைக்கும். ஆகவே வளர்ந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களையும் ஒரு சதவீதமாவது ஒதுக்கி எழுதிவையுங்கள். வேலை மாறியபோதெல்லாம் விட்டுவந்த பழைய பென்ஷன் ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் வேண்டும்.

பணத்தை வெளியே எடுத்துக் கொடுத்தல்

பென்ஷனை டிரஸ்டுக்குள் வைப்பதைவிட, பென்ஷனிலிருந்து எடுத்த பணத்தை டிரஸ்டுக்கோ பிள்ளைகளுக்கோ உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதுதான் இனிப் பயன்தரும் வழி. எடுக்கும்போது உங்களுக்கு வருமான வரி உண்டு என்பதால், எந்த விகிதத்தில் எடுக்கிறீர்கள் என்பதே இங்கு முக்கியம். 75 வயதுக்குப் பின் இறக்கும் ஒருவரின் பென்ஷனில், வரம்புகளைத் தாண்டிய ஒவ்வொரு 100 பவுண்டிலும் 40 பவுண்டு மரபுரிமை வரி போகும். மீதி 60 பவுண்டுக்கு, மரபுரிமை வரியாகப் போனதைக் கழித்துவிட்டு, வாரிசு வருமான வரி கட்ட வேண்டும். அவர் 20 சதவீதம் கட்டுபவரானால் 48 பவுண்டும், 40 சதவீதம் கட்டுபவரானால் 36 பவுண்டும், 45 சதவீதம் கட்டுபவரானால் 33 பவுண்டும் மிஞ்சும். அதே 100 பவுண்டை நீங்கள் 20 சதவீத விகிதத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போதிய காலம் வாழ்ந்தால் 80 பவுண்டு பிள்ளைக்குச் சேரும். 40 சதவீதத்தில் எடுத்தால்கூட 60 பவுண்டு சேரும். ஆனால் ஆண்டு வருமானம் 100,000 பவுண்டைத் தாண்டும்படி எடுக்காதீர்கள். 125,140 பவுண்டு வரை, வருமான வரியில்லாத தனிநபர் விலக்கு தேய்வதால் உண்மையான விகிதம் 60 சதவீதமாகும். ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதங்கள் வேறு.

கொடுப்பதற்குச் சட்டம் தரும் வழிகளில், வருமானத்திலிருந்து தவறாமல் கொடுக்கும் அன்பளிப்புக்கான விலக்கே மிகச் சிறந்தது. 1984 ஆம் ஆண்டு மரபுரிமை வரிச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு தரும் இந்த விலக்குக்கு உச்சவரம்பு இல்லை. ஏழு ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டாம். மூன்று நிபந்தனைகள் உண்டு: கொடுப்பது ஒரு வழக்கமாக இருக்க வேண்டும், மூலதனத்திலிருந்து அல்லாமல் வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும், கொடுத்த பின்னும் உங்கள் வழக்கமான வாழ்க்கைத்தரம் குறையக் கூடாது. டிராடவுனில் தொடர்ந்து எடுத்து வரி கட்டிய தொகையை வருமானமாகக் காட்டலாம். வரியின்றி ஒரே தடவையாக எடுக்கும் 25 சதவீதம், அதாவது பெரும்பாலோருக்கு அதிகபட்சம் 268,275 பவுண்டு, மூலதனமே. இந்த விலக்கு டிரஸ்டுக்குக் கொடுப்பதற்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பேரப்பிள்ளைகளுக்கான ஒரு விருப்புரிமை டிரஸ்டுக்கு மாதந்தோறும் பென்ஷன் வருமானத்திலிருந்து செலுத்திவந்தால், பணம் டிரஸ்டுக்குள் போகும்போது வரும் வரி இல்லாமலே அது வளரும். இறந்தவர் கொடுத்த அன்பளிப்புகளை வரித்துறைக்குத் தெரிவிக்கும் ஐ.எச்.டி. 403 என்ற படிவத்தில் ஆண்டுவாரியாக வருமானம், செலவு, அன்பளிப்பு ஆகியவற்றைக் கேட்கும் அட்டவணை இருக்கிறது. அதை இப்போதே நிரப்பிக்கொண்டு வாருங்கள். நீங்கள் இறந்த பிறகு பழைய வங்கிக் கணக்குகளைத் தேடிப்பிடித்து அதை நிரப்புவது உங்கள் பிள்ளைகளுக்குக் கடினமான வேலை.

வரியின்றி எடுத்த மொத்தத் தொகையைக் கொடுப்பதானால், நேரே பிள்ளைக்குக் கொடுத்து ஏழு ஆண்டுகள் வாழ்ந்தால் வரி இல்லை. விருப்புரிமை டிரஸ்டுக்குக் கொடுத்தால், முந்தைய ஏழு ஆண்டுகளில் அப்படிக் கொடுத்ததையும் சேர்த்து 325,000 பவுண்டைத் தாண்டும் பகுதிக்கு உடனே 20 சதவீதம் கட்ட வேண்டும். அந்த வரம்புக்குள் நின்றால் கட்ட வேண்டியதில்லை. கொடுத்த பணத்திலிருந்து நீங்கள் பயனடையக் கூடாது என்ற விதி கடுமையானது. பயனடைந்தால் அது கொடுக்கப்படாததாகவே கருதப்படும். பணம் பின்னால் தேவைப்படலாம் என்று அஞ்சுவோருக்குக் கடன் டிரஸ்ட் உண்டு. அதில் நீங்கள் டிரஸ்டுக்குக் கடனாகக் கொடுக்கிறீர்கள். கடன் உங்கள் சொத்தாகவே இருக்கும், வளர்ச்சி மட்டும் வெளியே போகும். ஆண்டுக்கு 3,000 பவுண்டு என்ற பொதுவிலக்கும், பிள்ளையின் திருமணத்துக்கு 5,000 பவுண்டு, பேரப்பிள்ளையின் திருமணத்துக்கு 2,500 பவுண்டு என்ற விலக்குகளும் இவற்றுக்குப் புறம்பாக உண்டு.

முதுமைக் காலப் பராமரிப்புச் செலவை மறந்துவிட்டுக் கொடுக்காதீர்கள். வரியில் 40 சதவீதம் போகும் என்ற அச்சத்தில், பிற்காலத்தில் பிள்ளையிடம் கையேந்தும் நிலையைத் தாமே உண்டாக்கிக்கொள்வது விவேகமல்ல.

காப்பீட்டை டிரஸ்டில் எழுதுதல்

பென்ஷனை எடுக்க மனமில்லாதவர்களுக்கும், எடுத்தும் வரி மிஞ்சும் என்று தெரிந்தவர்களுக்கும், வரியைக் குறைக்காமல் வரிக்கான பணத்தைத் தயார்செய்யும் வழி ஒன்று உண்டு. தம்பதியில் இரண்டாமவர் இறக்கும்போது பணம் தரும் வாழ்நாள் முழுமைக்குமான ஆயுள் காப்பீட்டை எடுத்து, அதைத் தொடக்கத்திலேயே டிரஸ்டில் எழுதிவிடுவதுதான் அது. காப்பீட்டு நிறுவனங்கள் இதற்கான டிரஸ்ட் படிவத்தைப் பெரும்பாலும் கட்டணமின்றியே தருகின்றன. பென்ஷன் வருமானத்திலிருந்து கட்டும் பிரீமியம் மேலே சொன்ன 21 ஆம் பிரிவு விலக்குக்குள் அடங்கும். கிடைக்கும் தொகை உங்கள் சொத்துக்குள் வராது, உயிலுக்கான நீதிமன்ற அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். டிரஸ்டில் எழுதாமல் விட்டால் அந்தத் தொகையே சொத்தில் சேர்ந்து வரியைக் கூட்டும். வயதும் உடல்நலமும் பிரீமியத்தைத் தீர்மானிப்பதால், எழுபது வயதுக்குப் பின் இது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

பத்திரம் எழுதும்போது

எந்த டிரஸ்டானாலும் குறைந்தது இரண்டு டிரஸ்டிகளை நியமியுங்கள்; அவர்களில் ஒருவராவது உங்களைவிட வயதில் குறைந்தவராக இருக்கட்டும். பணத்தை எப்படிப் பங்கிட விரும்புகிறீர்கள் என்பதை விருப்பக் கடிதம் ஒன்றில் தனியே எழுதிவையுங்கள். அது டிரஸ்டிகளைச் சட்டப்படி கட்டாயப்படுத்தாது என்றாலும், அவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். பெரும்பாலான டிரஸ்டுகளை பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் டிரஸ்ட் பதிவுச் சேவையில் 90 நாள்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். எவற்றுக்கு விலக்கு உண்டு என்பதை எழுதித் தருபவரிடம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பென்ஷனுக்கான மரபுரிமை வரியைக் கணக்கிட்டுக் கட்டும் பொறுப்பு, பென்ஷன் நிர்வாகத்தை அல்லாமல், உயிலை நிறைவேற்றுபவர்களையே சேரும். இறந்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வரியைக் கட்ட வேண்டும். தாமதித்தால் வட்டி ஏறும். குறிப்பிட்ட சூழல்களில், வரிக்கு உட்பட்ட பென்ஷனில் பாதியை 15 மாதங்கள் வரை நிறுத்திவைத்து அதிலிருந்து வரியைக் கட்டும்படி அவர்கள் நிர்வாகத்துக்குச் சொல்ல முடியும். ஆனால் எந்த நிர்வாகத்துக்குச் சொல்வது என்று தெரிந்திருந்தால்தான் அது முடியும். ஆகவே பென்ஷன்கள் ஒவ்வொன்றின் நிறுவனப் பெயர், திட்ட எண், நியமனப் படிவத்தின் நகல், டிரஸ்ட் பத்திரத்தின் நகல் ஆகியவற்றை ஒரே உறையில் உயிலோடு வைத்து, உயிலை நிறைவேற்றுபவர்களாக நீங்கள் குறிப்பிட்டவர்களிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.